பொதுவான வேண்டுதல்

எங்கள் பங்காளிகள் வாட்சப் குழுவுக்கு நான்தான் அட்மின். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. நானே ஆரம்பித்தேன், நானே எல்லாரையும் சேர்த்தேன், விலகி ஓடியவர்களையும் நானே பிடித்துத் திரும்ப உள்ளே போட்டேன். தோட்டத்துப் போர்வெல்லில் தண்ணீர் வந்தபோது வீடியோ போட்டேன். மகள் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியபோது அதைப் படமெடுத்துப் போட்டேன். மனைவியின் மூட்டு எக்ஸ்ரேயையும் போட்டேன். தம்மம்பட்டியில் இருக்கும் சித்தப்பா ஒருவர் என்ன படம் என்று பார்க்காமலே ‘வாழ்த்துகள்’ என்று பதில் அனுப்பினார். அன்றைக்கு முழுக்க என் மனைவி என்னோடு பேசவில்லை.

இது தொழிலோடு வந்த வியாதி என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. நாமக்கல்லில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிற டிரைவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து நாலு ஊர்ச் சேதி சொல்வார்கள். பதிலுக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? என் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த சேதி எங்கள் ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் நாக்பூருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஓடிப்போயிருந்தது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி வரும். “ஏனுங்க, புள்ளைக்கு விசேஷம் எதாச்சும் உண்டுங்களா?” நான் சிரித்து மழுப்புவேன். அவளிடம் நேராகக் கேட்பவர்களும் இருந்தார்கள். கொஞ்ச நாளில் அவள் விசேஷங்களுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மகளும் மருமகனும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். சமையலறையில் வைத்து மகள் தன் அம்மாவிடம் அந்த விசேஷத்தைச் சொன்னாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, என் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். என்ன செய்வதென்றே தெரியவில்லை. அப்படியொரு சந்தோஷம்.

மகள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “அப்பா, ஒண்ணே ஒண்ணுதானுங்க. ஆருகிட்டயும் சொல்லாதீங்க. அஞ்சு மாசம் போகட்டும்னு டாக்டர் சொல்லியிருக்கறாங்க. அதுக்கப்பறம் அத்தைகிட்டத்தான் மொதல்ல சொல்லோணும். போன்ல இல்லீங்க. நேர்ல போயி, என்ற வாயால சொல்லோணும்.”

அத்தை என்றால் என் அக்கா. ஜேடர்பாளையத்தில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வழக்கம் உண்டு. இந்த மாதிரிச் சேதி பிள்ளையில்லாதவளுக்குக் கடைசியாகத்தான் போகும். கண் பட்டுவிடும் என்று பயம். அக்காவின் கொழுந்தன் மனைவி முழுகாமல் இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்து, வளைகாப்புக்குப் பந்தல் போட்ட பிறகுதான் என் அக்காவுக்குத் தெரிந்தது. போய் வளையல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். என் மகளைச் சேலத்தில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிக்கொண்டு அலைந்தவளும் அவள்தான். பாதியில் ஏதாவது ஆகிவிட்டால் அத்தை தாங்க மாட்டாள் என்பதால்தான் ஐந்து மாதம் பொறுக்கிறாள் மகள். அது எனக்குப் புரிந்தது.

“என்ற வாயில இருந்து ஒரு சொல்லு வராது சாமி” என்றேன். மனைவி செல்போனைத் திருப்பித் தர மறுநாள் சாயங்காலம் ஆயிற்று.

நான் வாக்கைக் காப்பாற்றினேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். கடையில் டிரைவர்கள் கேட்டால் டயர் விலையைப் பற்றி மட்டும் பேசினேன். குழுவில் ஒரு காலை வணக்கம்கூடப் போடவில்லை. ஆனால் வாயைக் கட்டினால் சந்தோஷம் வேறு வழி தேடும்போல. குலதெய்வத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று உள்ளே கிடந்து குடைந்தது. சாமி யாரிடமும் சொல்லப்போவதில்லை என்கிற தைரியத்தில் மேச்சேரிச் சந்தைக்குப் போய், செம்பழுப்பு நிறத்தில் எடுப்பாக நின்ற ஒரு செம்மறிக் கிடாக்குட்டியை வாங்கினேன்.

கோயில் பூசாரி கேட்டார். “என்ன வேண்டுதலுங்க?”

“பொதுவான வேண்டுதலுங்க.”

“பொதுவா ஆருங்க கெடா உடறாங்க?”

“தொழிலு, ஒடம்பு, மழை, எல்லாத்துக்கும் சேத்தித்தானுங்க.”

அவர் கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். அது சிலுப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார். அப்போதும் நின்றது. “மனசுல இருக்கறத ஒளிக்காம நெனைங்க” என்றார் பூசாரி. நான் கண்ணை மூடிக்கொண்டு, மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று நினைத்தேன். தலையிலிருந்து வால்வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. என் வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சள் ஆனது.

பூசாரி திருநீற்றைத் தாளில் மடித்துக் கொடுத்து, “அம்மிணிக்குக் குடுங்க” என்றார். என் மனைவியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, வீட்டில் அவளிடம் கொடுத்தேன்.

அவள் திருநீற்றையும் பார்த்தாள், வாசல் வேம்பில் மஞ்சள் நெற்றியோடு கட்டியிருந்த கிடாவையும் பார்த்தாள். “நானு மஞ்சத்துணியில ஒத்த ரூவா முடிஞ்சு சாமி படத்துக்குப் பொறவால வெச்சிருக்கறனுங்க. ஆருக்குத் தெரியும்? நீங்க ரோட்டோரத்துல கெடாவக் கட்டி வெச்சிருக்கறீங்க.”

“கெடா பேசுமா?” என்றேன். அந்தக் கேள்வி எனக்கே மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது.

அடுத்து வந்த மாதங்களில் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுப் பக்கம் வந்து போனார்கள். கிடாவைப் பார்த்தார்கள். நல்ல வளர்த்தி என்றார்கள். எதற்கு நேர்ந்துவிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு மழையில் ஆரம்பித்து வியாபாரம்வரை பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். கேட்காததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. அக்காவும் ஒருநாள் வந்தாள். ஒரு கட்டுக் கடலைக்கொடியை இறக்கி, அதன் வாயில் ஊட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனாள். நான் எவ்வளவு சாமர்த்தியமாக ரகசியத்தைக் காக்கிறேன் என்று மகளிடம் போனில் பெருமை பேசினேன். “பரவால்லீங்கப்பா, மாறிட்டீங்க” என்றாள் அவள். அதைக் கேட்டு நெஞ்சு நிறைந்துபோனது.

ஐந்து மாதம் முடிந்து, டாக்டரும் நல்ல வார்த்தை சொன்ன வாரத்தில் திருச்செங்கோட்டில் பங்காளி வீட்டுக் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்கு வந்துவிட்டு, அங்கே வரும் அத்தையோடு அப்படியே ஜேடர்பாளையம் போய், வீட்டில் வைத்துச் சொல்வதாக மகள் ஏற்பாடு. பட்டுப்புடவையில் ஒன்றும் தெரியாது என்று மனைவியும் சொன்னாள்.

மண்டபத்தில் நுழைந்ததிலிருந்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் மகளுக்கே ஆச்சரியம். ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று நான் அவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பங்காளியின் மனைவி, மகள் கையிலிருந்த பப்பாளிக் கிண்ணத்தை மெதுவாக வாங்கிக்கொண்டு மாதுளைக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி போய்விட்டாள். இன்னொருத்தி நாற்காலியை இழுத்து மின்விசிறிக்கு நேராகப் போட்டு, “இங்க உக்காரு கண்ணு, காத்து வரும்” என்றாள். மகள் சிரித்தபடி உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் இதில் கேவலம்.

தம்மம்பட்டிச் சித்தப்பா என் தோளில் கை போட்டார். “கெடா நல்லாத் தேறிருச்சா சாமி?”

தேறிவிட்டது என்றேன்.

“இன்னும் நாலு மாசத்துல கறி நல்லாப் புடிச்சிக்கும். கணக்காத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, காலம் முழுக்க மூட்டு எக்ஸ்ரேக்களுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

விரல் விட்டு எண்ணினேன். பிரசவத்துக்கும் நாலு மாதம். இவருக்கே தெரிகிறதென்றால் பாக்கி யாருக்குத் தெரியாது? ஆடு மாடு வளர்க்காதவன், லாரிக்கு போல்ட் நட்டு விற்கிறவன், ஆறு வருடமாகப் பேரப்பிள்ளைக்கு ஏங்குகிறவன், ஒருநாள் திடீரென்று குழுவில் வாயை மூடிக்கொண்டு வாசலில் கிடாவைக் கட்டினால் அதற்கு என்ன அர்த்தம்? எங்கள் ஜனத்தில் பால்குடிக் குழந்தைக்கு மட்டும்தான் அது விளங்காது. அக்கா கடலைக்கொடியோடு வந்தது ஞாபகம் வந்தது. இந்தத் தடவையும் ஊரெல்லாம் தெரிந்த பிறகுதான் அவளுக்குச் சேதி போயிருக்கிறது. கொழுந்தன் மனைவி செய்ததையே நானும் செய்துவிட்டேன். மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

திரும்பிப் பார்த்தால் மகள் நாற்காலியில் இல்லை. ஜேடர்பாளையம் போகிறவரைக்கும் அவளால் பொறுக்க முடியவில்லைபோலும். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து ஜன்னலோரம் அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இப்போதும் தெரியவில்லை. போய்ச் சேர்வதற்குள் அவள் சொல்லிவிட்டிருந்தாள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் மகளின் கன்னத்தைத் தொட்டாள். அப்புறம் அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, அழுகையை நிறுத்தப் பார்த்து முடியாமல் அழுதாள். “நெசமாலுமா கண்ணு? நெசமாலுமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மகளும் அழுதுகொண்டே சிரித்தாள். “உங்குளுக்குத்தானுங்க அத்தை மொதல்ல சொல்றேன். இன்னும் ஆருக்கும் தெரியாதுங்க.”

சுற்றிலும் கை கழுவ வந்த எங்கள் சாதிசனம் இருபது முப்பது பேர் எதுவும் காதில் விழாததுபோலத் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

மருமகன் வந்து மகளைப் பந்திக்கு அழைத்துப் போனான். அக்கா முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அக்கா, உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“கெடாவக் கட்டுன சேதியக் கேட்டப்பவே தெரியுமுடா.”

“பின்ன ஏன் கேக்கல?”

“நீ சொல்லாம இருக்கறயின்னா புள்ள சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கறான்னுதானே அர்த்தம்? இல்லீன்னா நீ இருப்பயா?” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அவ என்னைத் தேடிக்கிட்டு வருவான்னு எனக்குத் தெரியும். ஊடு ஊடாப் போயி, புள்ளைகிட்ட ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாதுன்னு நாந்தான் சொல்லி வெச்சேன்.”

“என்னால உனக்கு இந்தத் தடவையும் கடைசியாப் போயிருச்சேக்கா” என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயதில் நான் ஏதாவது உளறும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“கெடா சொன்னதெல்லாம் சேத்தி இல்லடா” என்றாள். “எனக்கு மொதல்ல சொன்னவ அவதான்.”