மணி அடிக்காத வாரம்

ஞானபாக்கியம் அந்த வார்த்தையை முதலில் பார்த்தது, கணவன் தனராஜின் விபத்தைப் பற்றிக் கம்பெனி தட்டச்சு செய்து நீட்டிய தாளில். ‘ஃபேட்டல் ஆக்சிடென்ட்’ என்று இருந்தது. நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். உயிரைப் பறித்த விபத்து என்ற அர்த்தத்தை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகள் கிருபையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டாவது தடவை பார்த்தது, அதே கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்த பிறகு, கம்ப்யூட்டர் அறையில்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து, அதை நம்பிச் சில தொழிற்சாலைகளும் வந்திருந்தன. அதில் ஒன்று தென்கடல் கெமிக்கல்ஸ். தனராஜ் அங்கே எலக்ட்ரீசியன். கப்பல் அணையும் ஜெட்டியில் டிரம்களைக் கப்பலுக்கு ஏற்றும் பெல்ட்டைப் பழுதுபார்க்க ஏறியவன், அங்கிருந்து விழுந்தான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்ததால் அவன் மனைவியை, ஊரே அதிசயமாகப் பேசிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார்கள்.

பயந்த அளவுக்கு வேலை கடினமாக இல்லை. காகித நாடா ஒன்றில் கட்டளைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் துளையிடப்பட்டிருக்கும். நேற்று வரை இருந்த சரக்கை எடு, புதிதாக வந்ததைக் கூட்டு, லாரியில் போனதைக் கழி, ஜெட்டிக்குப் பட்டியல் அடி. அன்றன்று வந்த, போன சரக்கின் எண்களை மட்டும் அவள் வேறு நாடாவில் துளையிடுவாள். காலையில் இரண்டையும் மாட்டி, கம்ப்யூட்டரோடு இணைந்த தட்டச்சுக் கருவியான டெலிபிரிண்டரில் ‘ரன்’ என்று அடித்தால் போதும், மற்றதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். நடுவில் எங்கேயாவது தட்டிக் கோளாறானால் மணி அடித்து, அதைக் காகிதத்தில் அடித்துக் காட்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவள் நாடாவைத் தலைகீழாக மாட்டிவிட்டாள். கணகணவென்று மணி அடித்தது. டெலிபிரிண்டர் தடதடவென்று இரண்டே வார்த்தைகளை அடித்துவிட்டு நின்றது. ‘ஃபேட்டல் எரர்.’ மேற்கொண்டு ஓட முடியாத கோளாறு என்பதை இயந்திரம் அப்படித்தான் சொல்லும்.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்தாள். பிறகு எழுந்து வராந்தாக் குழாயடிக்குப் போய், முகத்தைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள்.

அந்தக் கட்டளை நாடாவை எழுதியவன் ஆவுடையப்பன். ஏரல் பக்கம் வயல்காட்டுக் குடும்பத்துப் பையன், பம்பாயில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவன். பின்னாலேயே வந்து சற்றுத் தள்ளி நின்றான்.

“நாடாவைத் திருப்பிப் போட்டுட்டிய, அவ்வளவுதான்க்கா. நானே எத்தனையோ தடவை போட்டிருக்கேன்.”

“சரி சார்.”

“ஏங்க்கா, மேலுக்கு முடியலையா?”

“ஒண்ணுமில்ல சார். தூசி.”

ஏசி அறையில் தூசி ஏது என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை வந்த ஒவ்வொரு முறையும் அவள் குழாயடிக்குப் போனதைப் பார்த்தான். விபத்துத் தாளைத் தட்டச்சு செய்த குமாஸ்தாவிடம் பேச்சுக்கொடுத்து விஷயத்தைத் தெரிந்துகொண்டான். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் மணி அடிப்பது நின்றுவிட்டது. நாடா மாட்டினால் கடைசிவரை ஓடியது, பட்டியல் மளமளவென்று வந்து விழுந்தது. ஞானபாக்கியத்துக்கு முதுகு நிமிர்ந்தது. வேலை கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தாள். தனராஜ் போன பிறகு முதன்முறையாக, வேலைக்குப் போகும்போது கனகாம்பர நிறத்தில் ஒரு சேலை உடுத்தினாள். பஸ் நிறுத்தத்தில் தெரிந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது.

தங்கை கல்யாணத்துக்காக ஆவுடையப்பன் ஊருக்குப் போயிருந்த வாரத்தில்தான் வம்பு வந்தது.

ஜெட்டி மேஸ்திரி மரியான் வராந்தாவிலேயே கத்திக்கொண்டு வந்தார். “கோடவுன்ல டிரம்மு குமிஞ்சு கெடக்கு, கப்பல்காரன் பேப்பர்ல இல்லங்கான்! பேப்பர்ல இல்லாததை ஏத்தக் கூடாதாம். கப்பலு அரை வயித்தோட நிக்குது. எவன்லே இந்தப் பட்டியலை அடிச்சது?”

கதவைத் திறந்தவர் ஞானபாக்கியத்தைக் கண்டதும் நின்றார். குரல் அப்படியே இறங்கியது. “நீயா தங்கச்சி? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நீ உன் சோலியப் பாரு. சும்மா கேக்க வந்தேன்.” தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

அந்த ‘ஒண்ணுமில்ல’ அவள் காதிலேயே நின்றது. எங்கேயோ கேட்ட குரல் அது. சற்று நேரத்தில் மானேஜர் ஞானையா கூப்பிட்டனுப்பினார். எண்களை அவள் தப்பாக அடித்திருக்கிறாள் என்றார். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் அன்று கப்பல்காரர்கள் அவரை உலுக்கி எடுத்திருந்தார்கள். “உங்களால முடியலன்னா சொல்லிருங்கம்மா, டைப்பிங் செக்‌ஷன்ல போட்டுருதேன்.” அவள் தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். தான்தான் செய்திருப்போம் என்றே நினைத்தாள். வேலை கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். அந்தச் சேலையை நினைத்துக்கூட வெட்கப்பட்டாள்.

தந்தி கிடைத்து ஆவுடையப்பன் மறுநாள் காலையிலேயே வந்தான். கல்யாண வீட்டு மஞ்சள் கறை சட்டைக் கையில் அப்படியே இருந்தது. அவள் துளையிட்ட நாடாக்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அவள் எண்களை வாசித்தாள், அவன் துளைகளைப் பார்த்துச் சொன்னான். ஒரு பிழையும் இல்லை. நாடா படிக்கும் கருவியைத் திறந்து, தூரிகையால் துடைத்து ஓட்டினார்கள். பட்டியல் அதே மாதிரிதான் வந்தது, பழைய சரக்கோடு.

“புதுசா வந்ததைக் கூட்டவே இல்லையே,” என்றான் அவன். “கூட்டச் சொல்லி நாடாவுல இருக்கு. ஏன் கூட்டல?”

“கையால அடிச்சுப் பாத்தா என்ன சார், ஒவ்வொரு வரியா?”

அவள் கட்டளைகளை ஒவ்வொன்றாக விசைப்பலகையில் அடித்தாள். முதல் வரி சரியாக ஓடியது. அடுத்ததாகக் கூட்டும் கட்டளையை அடித்ததும் மணி கணகணத்தது. அதே வார்த்தை. அதன்கீழே ‘ஸ்டோர் ஃபுல்’. புதுச் சரக்கை எழுதிவைக்க, கணக்குகளைச் சேமிக்கும் டிஸ்க்கில் இடம் தீர்ந்துபோயிருந்தது.

“நாடாவுல ஓட்டும்போது ஏன் இது சொல்லல?” என்று கேட்டாள். “கையால அடிச்சா மணி அடிக்கு, நாடாவுல அடிக்க மாட்டேங்குதே.”

ஆவுடையப்பன் நாடாவின் தலைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். காதோரம் சிவந்துவிட்டிருந்தது.

“அக்கா, தப்பு உங்க மேல இல்ல. நாடாவோட தலைப்புல ‘மெசேஜ் சைபர்’னு ஒரு வரி சேத்தேன். சைபர்னா கோளாறு வந்தா வாய் திறக்காதேன்னு அர்த்தம். சொல்லாட்டியும் அந்த இடத்துல நின்னுரும்னு நெனச்சேன். அது நிக்காம அடுத்த வரிக்குப் போயிருக்கு. நான் அதைச் சோதிச்சுப் பாக்கல.”

“எதுக்கு சார் சேத்திய?”

“அந்த வார்த்தை வரும்போதெல்லாம் நீங்க குழாயடிக்குப் போறதைப் பாக்க முடியலக்கா. கொஞ்ச நாளைக்கு வராம இருந்தா ஒங்களுக்கு நல்லதுன்னு...”

அவள் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றாள். தூரத்தில் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. பேச ஆரம்பித்தபோது குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

“அன்னைக்குக் கம்பெனி ஜீப்பு வீட்டுக்கு வந்துச்சு சார். காலுல அடின்னு சொன்னாவ. ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்கார வச்சாவ. டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு, இப்பப் போகக் கூடாதுன்னாவ. மரியான் அண்ணன் இட்லி வாங்கிட்டு வந்து, சாப்பிடு தங்கச்சின்னாவ. சாப்பிட்டேன். சட்னி நல்லாருந்துச்சு. இன்னும் கொஞ்சம் கேட்டேன். அதுக்கு ரொம்ப முன்னாலயே கிருபை அப்பா போயிட்டாவ. அங்கன நின்ன எல்லாருக்கும் தெரியும். நான் சட்னி கேக்கதைப் பாத்துக்கிட்டே நின்னாவ.”

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அவிய யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல. மரியான் அண்ணன் மொகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதிருக்காவ, எனக்குப் பெறவுதான் தெரியும். ஆனா அந்த ஒரு பகல் என்னோடது சார். கிருபை அப்பாவுக்காக நான் அழுதிருக்க வேண்டிய பகல். அதை என் கையில இருந்து எடுத்துட்டாவ.”

“தெரியாமச் செஞ்சுட்டேன்க்கா.”

“தெரியும். அதான் உங்க மேல கோவமே வர மாட்டேங்குது.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். “மொதல்ல அந்த வரியை எடுங்க. கப்பல் நிக்குதுல்லா.”

பழைய கணக்குகளை வேறு நாடாவில் இறக்கி டிஸ்க்கில் இடம் உண்டாக்கினார்கள். கட்டளை நாடாவைப் புதிதாகத் துளையிட்டார்கள். எல்லாக் கோளாறையும் சொல்லு, சொன்ன இடத்திலேயே நில்லு என்று தலைப்பில் வைத்தான். பிறகு தயங்கியபடி கேட்டான்: “அந்த வார்த்தையை மாத்தட்டாக்கா? எந்தச் செய்தி வரணும்ங்கது நம்ம கையிலதான் இருக்கு.”

அவள் யோசித்தாள். “மாத்த வேண்டாம். ஆனா வெறுமனே அந்த வார்த்தை மட்டும் வந்தாத்தான் பயமா இருக்கு சார். கையால அடிச்சப்ப வந்த மாதிரி, நாடாவுலயும் எங்க நின்னுது, எதனால நின்னுதுன்னு சேத்துப் போட முடியுமா? அது தெரிஞ்சா நம்ம என்ன செய்யணும்னு பாத்துக்கிடலாம்ல?”

முடியும் என்றான். அன்று மதியச் சாப்பாட்டை மறந்து அதை எழுதினான். பட்டியல் சரியாக வந்ததும் அவளே ஜெட்டிக்குக் கொண்டுபோய் மரியான் கையில் கொடுத்தாள். “அண்ணே, இனிமே பட்டியல்ல தப்பு இருந்தா என்கிட்டயே கத்துங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போகாதிய.” மரியான் அவளை ஒரு கணம் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்ததுபோலத்தான் இருந்தது. “கத்துதேன் தங்கச்சி,” என்றார் மெதுவாக.

ஞானையாவிடம் ஆவுடையப்பன் நடந்ததை நடந்தபடி சொன்னான். எதற்காகச் செய்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் அவனைக் காது கூசும்படி ஏசினார். ஞானபாக்கியத்தைக் கூப்பிட்டு, “நான் உங்களைத் தப்பாப் பேசிட்டேம்மா,” என்றார். அவள் அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அவளுக்கு மகள் நினைப்பாகவே இருந்தது. கிருபைக்கு அப்போது ஐந்து வயது. அப்பா கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தாள். அடக்கத்துக்குக்கூடப் பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை. சொல்லலாம், பெரிய பிள்ளை ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து, பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். தூரத்தில் ஒரு கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது. கிருபை வழக்கம்போலக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

ஞானபாக்கியம் அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள். எந்த இடம், எப்படி விழுந்தார், ஏன் இனி வர முடியாது, எங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். சின்னச் சின்ன வார்த்தையாகச் சொன்னாள். எதையும் விடவில்லை.

பிள்ளை வெகுநேரம் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டது: “அப்ப நான் டாட்டா காமிச்ச கப்பல்ல எல்லாம் யாரும்மா இருந்தா?”

“வேற பிள்ளையளோட அப்பா இருந்திருப்பாவ.”

“அவிய வீட்டுக்குப் போயிருவாவளா?”

“போயிருவாவ.”

அப்போதுதான் கிருபை அழ ஆரம்பித்தது. வீடு வரும்வரை அழுதது, தூங்கும்வரை அழுதது. ஞானபாக்கியமும் கூடவே அழுதாள். யாரும் வந்து அவர்களைத் தேற்றவில்லை. அது அன்று நல்லதாக இருந்தது.

மறுநாள் பிள்ளை அவளை விடவே மாட்டேன் என்றது. முதலில் கல்லறைக்குப் போய்விட்டு, பிறகு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தாமதமாகத்தான் வேலைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆவுடையப்பன் மேலுக்கு முடியலையா என்று கேட்க வாயெடுத்து, பிறகு நேராகவே கேட்டான். “அழுதியளாக்கா?”

“ஆமா தம்பி. கிருபைகிட்ட அவ அப்பாவைப் பத்திச் சொல்லிட்டேன்.” அவனைத் தம்பி என்று அழைத்ததை அவளே கவனிக்கவில்லை.

அவன் தலையசைத்தான். தன் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டான். டெலிபிரிண்டர் நடுவழியில் நின்றிருந்தது. “ஒண்ணு தட்டியிருக்குக்கா. எங்க, எதனாலன்னு அடிச்சிருக்கு. நான் தொடல. நீங்க வந்து பாக்கணும்னு வச்சிருக்கேன்.”

அவள் உட்கார்ந்து, காகிதத்தை இழுத்து, அந்த வார்த்தையிலிருந்து ஆரம்பித்துக் கடைசிவரை படித்தாள்.