ஒரு இடத்துக்கு ஒரு பேர்

சூட்டி, நீ போன செய்தி வந்தபோது நான் பொலிதேயாமா பக்கம், நான் வேலை செய்கிற சிஞோரா வீட்டில், இஸ்திரிப்பெட்டியால் சட்டை மினுக்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேர்ஸ் போன் எடுத்தாள். எப்போதும் படபடவென்று கதைக்கிறவள், அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாக மெதுவாகச் சொன்னாள். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சட்டையின் மற்றக் கையையும் மினுக்கி முடித்துவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

என் தம்பி, வீட்டின் கடைசிப் பிள்ளை என்பதால் எனக்கு அவன் சூட்டி. இந்த நினைவுத் தாளை வாசிக்கிற உங்களுக்கு அருள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடைக் குசினியில் பதினெட்டு வருடம் சமையல் வேலையில் நின்றவன். மன்னாரிலிருந்து அவனை இங்கே சிசிலிக்குக் கூப்பிட்டது நான்தான். அல்பெர்கேரியா வட்டாரத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். கலியாணப் பேச்சை எடுத்தால், “முதல்ல எங்கட அணிக்கு நல்ல கோலி ஒருத்தன் வரட்டும், பிறகு பாப்பம்” என்பான். கோல் காக்க எத்தனையோ கோலி வந்து போனார்கள்.

வெயில்காலத்தில் உதைபந்தாட்டக் கழகங்கள் ஆட்களை வாங்கி விற்கும். அந்த நாட்களில் ஞாயிறு பூசை முடிந்ததும் அவனுடைய கூட்டாளிகள் மரியதாஸும் யூட்டும் எங்கள் மேசைக்கு வந்துவிடுவார்கள். இந்த ஊர் அணி எந்த இடத்துக்கு எவனை எடுக்க வேண்டும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதுவார்கள். கழகத்துத் தலைவர் இவர்களைக் கேட்டுத்தான் எடுக்கப்போகிறார் என்பதுபோல் சண்டை பிடிப்பார்கள்.

“கோல் அடிக்கிறவனைக் கண் தெரியாதவனும் எடுப்பான். பின்னுக்கு நிண்டு மறிக்கிறவனைத்தான் தேடி எடுக்கோணும்” என்பான் சூட்டி.

“எல்லாரும் பின்னுக்கு நிண்டால் ஆர் அண்ணை கோல் அடிக்கிறது? அக்காவோ?” என்பான் யூட்.

“நான் அடிச்சிருந்தால் உங்கட ஆக்கள் இப்பிடித் தோத்திருக்க மாட்டினம்” என்று தேத்தண்ணியை வைப்பேன்.

ஒருமுறை மரியதாஸ் ஒரே இடத்துக்கு இரண்டு பேரை எழுதி, நடுவில் ‘அல்லது’ போட்டிருந்தார். சூட்டி அந்தத் தாளைக் கிழித்துப்போட்டான். “‘அல்லது’ எண்டு எழுதினால் அது தெரிவில்லை மச்சான், பயம். ஒரு இடத்துக்கு ஒரு பேர்.” மரியதாஸ் கோபித்துக்கொண்டு இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு சூட்டியே சட்டியோடு மீன் குழம்பைக் கொண்டுபோய்க் கூட்டிவந்தான்.

இந்த வெயில்காலம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசைந்தது. இரண்டு பேரும் தாளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். “நான் ஒவ்வொரு பேராய் வாசிப்பன் அண்ணை, சரியெண்டால் என்ர கையை அமத்துங்கோ” என்றான் யூட். இடது பக்கம் மறிக்கிற இடத்துக்கு ஐந்து பேரை வாசித்தான். நாலாவது பேருக்குச் சூட்டி அமத்தினான்.

“அவனோ? அவன்ர முழங்கால் சரியில்லையடா!” என்று மரியதாஸ் கத்தினார். சூட்டி இன்னும் இறுக்கி அமத்தினான். பக்கத்துக் கட்டிலில் கிடந்த சிசிலிக் கிழவரும், ஆட்டக்காரனின் பேர் காதில் விழுந்து, மரியதாஸ் சொல்கிறதுதான் சரி என்று தலையைத் தூக்கிச் சண்டைக்கு வந்துவிட்டார். அந்த வார்டில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

அவர்கள் போன பிறகு நான் அவன் கையைப் பிடித்தேன். இனி நாள் இல்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். மன்னாரிலிருந்து அம்மா, “பிள்ளையை என்னட்டைக் கொண்டுவா” என்று அழுதுகொண்டிருந்தா. எங்கே அடக்குவது என்று பயத்தோடு ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்: “சூட்டி, உன்னை ஊருக்குக் கொண்டுபோகவோ, அல்லது இஞ்சை என்னோடை இருக்கிறியோ?”

அவன் அமத்தினான். நல்லாய் இறுக்கி அமத்தினான்.

எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. தனித்தனியாகத் திரும்பக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஊருக்கு என்று சொல்லிவிடுவானோ என்று பயம் வந்தது. நாளைக்குக் கேட்போம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் எந்தப் பெயருக்கும் அந்தக் கை அசையவில்லை.

இங்கேதான் அடக்கம் செய்தோம். “அங்கைதான் வேணும் எண்டு அவனே சொன்னவனோ?” என்று அம்மா போனில் கேட்டா. “ஓம்” என்றேன். இந்த நினைவுத் தாளை மன்னாருக்கு அனுப்புகிறவர்கள் அம்மாவுக்கு இந்த இடத்தை வாசித்துக் காட்டவேண்டாம்.

அடக்கம் முடிந்த அந்தக் கிழமைக்குள், அவன் அமத்திய அந்த நாலாவது ஆளையே அணி எடுத்தது. யூட் போன் எடுத்து, “அண்ணை சொன்ன ஆள், அக்கா” என்று அழுதான். பந்தடிக்கிறவனை அவன் தெரிவு செய்தது எல்லோருக்கும் தெரியும். தனக்கு எங்கே மண் வேண்டும் என்று தெரிவு செய்ததுதான் தெரியாது. பிழை அவனில் இல்லை, கேட்டவளில்.

யூட் அந்தத் தாளை என்னிடம் தந்துவிட்டான். நாலாவது பெயரில் வட்டம் போட்டிருக்கிறது. அதுவும் என் உள்ளங்கையில் அந்த ஒரு அமத்தலும்தான் அவனில் எனக்கு மிச்சம். சட்டை மினுக்கும்போதும் என்னுடைய அந்தக் கையைத்தான் பார்க்கிறேன்.

சூட்டி, நான் பயந்துபோய் ‘அல்லது’ போட்டுக் கேட்டுவிட்டேன். நீ எந்த இடத்துக்கடா ஓம் எண்டனீ?