ஒண்ணா ரெண்டா அண்ணனும் ஒரு கேசட்டும்

என் அண்ணன் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவன். நாள் முழுக்க இருட்டறையில் நின்று, வந்தவர் மூக்கின் மேல் இரும்பு ஃப்ரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பதுதான் அவன் பிழைப்பு. கேட்டுவிட்டுப் போகட்டும். கடையைப் பூட்டிவிட்டு வந்த பிறகும் அதே கேள்வி என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? ஒருமுறை செருப்புக் கடையில் இடது காலில் ஒன்று, வலது காலில் வேறொன்று என்று மாட்டிக்கொண்டு நடந்து நடந்து பார்த்துவிட்டு, முடிவுக்கு வராமல் இரண்டு ஜோடியையும் வாங்கி வந்தான். தெருவில் அவனுக்குப் பெயரே ஒண்ணா ரெண்டா.

அப்படிப்பட்டவன் கையில்தான் அந்தக் கேசட் சிக்கியது.

பழைய வீட்டில் அப்பா தன் பாட்டைத் தானே பதிவு செய்த கேசட் அது. பாட்டு எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்குப் பெருமை, எங்களுக்குப் பொறுமை. ஆனால் பாட்டுக்குப் பின்னால், சமையலறையிலிருந்து அம்மா அவரைத் திட்டுவதும் பதிவாகியிருந்தது. எனக்கு அதுதான் வேண்டும். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மாவுக்குக் குரல் இல்லை. கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவாள், கோபம் வந்தால் தட்டைத் தட்டுவாள். குரல் இருந்த நாளிலும் யாராவது பதிவு செய்யப் போனை நீட்டிவிட்டால் வாயை இறுக மூடிக்கொள்வாள். ஆக, அவள் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு கேசட்டில்தான்.

"கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம். எந்த சாஃப்ட்வேர்னு மட்டும் பார்த்து எடுக்கணும்," என்றான் அண்ணன். போச்சுடா என்று தலையில் கை வைத்தேன்.

டேப் ரெக்கார்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு ஒயரைச் செருகி, அதே கேசட்டை நாலு சாஃப்ட்வேரில் ஏற்றிப் பார்த்தான். முதலாவது, காசு கட்டாத ட்ரயல் வெர்ஷன். பதிவின் நடுநடுவே ஒரு பெண் தேன் குரலில், "இது ட்ரயல் வெர்ஷன்" என்று ஞாபகப்படுத்துவாள். இரண்டாவதில் விமானம் ஓட்டுகிற அளவுக்குப் பொத்தான்கள், எதையோ அழுத்திக் கடைசிப் பகுதி விட்டுப்போனது. மூன்றாவது பாதியில் தூங்கிவிடும். நாலாவதுக்கு இரைச்சலைத் துடைக்கத் தெரியும். அண்ணி, நான், தபால்காரர், மீட்டர் பார்க்க வந்தவர் என்று ஒருத்தரையும் விடாமல் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, பாட்டின் முதல் வரியை மட்டும் போட்டு, "எது தெளிவு? ஒண்ணா, ரெண்டா?" என்று உயிரை வாங்கினான். மீட்டர்காரர் மீட்டரைப் பார்க்காமலே ஓடிவிட்டார்.

நாலாவது ஜெயித்தது. தோற்ற மூன்று காப்பியையும் உடனே அழித்தான். கழித்த லென்ஸை மேசையில் வைத்திருக்கக் கூடாது என்பது அவன் கடைச் சட்டம். அதற்குள் டேப் ரெக்கார்டருக்கு என்ன பசியோ, கேசட் நாடாவை இழுத்து மென்று துண்டு துண்டாக்கிவிட்டது.

"போனா போகட்டும், தெளிவான காப்பிதான் நம்மகிட்ட இருக்கே," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டான். அப்பா தொடையில் தாளம் போட்டார். அம்மா நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக் காதைச் சாய்த்துக் காத்திருந்தாள். பாட்டு முடிந்தது. அம்மா மேசையைத் தட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையையும் விரித்தாள். நான் எங்கே?

"அண்ணா, பின்னாடி அம்மா பேசுவாங்களே, அது எங்க?"

"இரைச்சல் மட்டும் இருக்கிற இடத்தைக் காட்டுன்னு அது கேட்டுச்சு. அப்பா மூச்சு வாங்க நிறுத்துற இடத்தைக் காட்டினேன். அந்த மாதிரி சத்தத்தையெல்லாம் மொத்தமா துடைச்சிடுச்சு. எப்படி!"

"அப்பா நிறுத்தின இடத்துல பேசினது யாரு?"

அண்ணன் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தான்.

"பெத்தவளை இரைச்சல்னு கை காட்டியிருக்கியே, நீ நல்லா இருப்பியா?" என்று நான் கத்தித் தீர்த்தேன். அம்மா தட்டைக்கூடத் தட்டவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

அண்ணன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அழிச்சதெல்லாம் கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டியிலதான கிடக்கும்?" என்றாள் அண்ணி. "இந்த வீட்டுல குப்பைத் தொட்டியை இவர் என்னைக்குக் காலி பண்ணியிருக்கார்?"

திறந்து பார்த்தோம். தொட்டி நிரம்பி வழிந்தது. தோற்ற மூன்றில் முழுசாக இருந்தது ட்ரயல் வெர்ஷன் மட்டும்தான். அண்ணன் ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். எது தெளிவு என்று யாரையும் கேட்கவில்லை.

கரகரவென்று அப்பா பாடினார். "இது ட்ரயல் வெர்ஷன்," என்றாள் தேன்குரல்காரி. அவள் வாயை மூடுவதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

"ஏங்க! மோட்டாரை நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? தொட்டி வழியுது! காதுல விழுதா, இல்லையா?"

"இதோ, இதோ," என்று அப்பா அலறியடித்துக்கொண்டு எழுந்து மோட்டாரை நிறுத்த ஓடினார்.

வாசல் வரை போய்த்தான் நின்றார். திரும்பிப் பார்த்தார். அம்மா சத்தமே இல்லாமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

அப்பா திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவை போடுடா," என்றார். "பாட்டு வேணாம். அவ திட்டுறதை மட்டும் போடு."