அக்கா திருத்திய வெள்ளி

என் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம். நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி ஒரு வளைவு, ஓரமெல்லாம் கொஞ்சம் கலங்கல், பக்கத்தில் ஒரு தூசிப் புள்ளி, குறுக்கே முடி போல ஒரு கீறல். வருகிறவர்கள் நிலாவா என்பார்கள். இல்லை, சாயங்காலம் மேற்கே தெரியுமே, அந்த வெள்ளி என்பேன். வெள்ளி இப்படியா இருக்கும் என்று உடனே அடுத்த கேள்வி வரும். இந்தக் கேள்வியை என் அக்கா சரியான நேரத்தில் கேட்டிருந்தால், எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்காது.

அத்தானுக்குச் சொந்தமாக ஒரு போட்டோ ஸ்டுடியோ. கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. படம் எடுப்பது அத்தான். முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களைச் சமாளிப்பது நான். உள்ளறையில் டச்சிங் வேலை அக்காவுக்கு. அடியில் விளக்கு வைத்த சாய்வுக் கண்ணாடியில் நெகட்டிவை வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலும் பிளேடுமாகக் குனிந்தாளானால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் விழுந்த இடம் கறுப்பு, நிழல் விழுந்த இடம் வெறும் கண்ணாடி. அந்தக் கண்ணாடி இடத்தில் அக்கா பென்சிலால் லேசாகப் பூசினால், பிரிண்டில் அங்கே வெளிச்சம் வந்துவிடும். கண்ணுக்குக் கீழே கருவளையம், பரு, அம்மைத் தழும்பு, ஒரு பக்கமாக இருட்டடித்த முகம், எல்லாம் அவள் கையில் சரியாகிவிடும்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் படத்தில் மச்சமே கிடையாது. ஒருவர் ஏதோ அலுவலகத்தில் அடையாளம் என்ற இடத்தில் இடது கன்னத்தில் மச்சம் என்று சொல்லியிருக்கிறார். படத்தில் மச்சத்தைக் காணோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடையில் வந்து குதி குதி என்று குதித்தார். அக்கா அசரவில்லை. அவரை எதிரே உட்கார வைத்து, மையைத் தொட்டு, கன்னத்தைப் பார்த்துப் பார்த்துப் படத்தில் மச்சத்தைத் திரும்ப வைத்தாள். உங்களுக்காகக் கொஞ்சம் சின்னதாகவே வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். மனுஷன் போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனார்.

அத்தான் நேர் எதிர். வாயில் கொழுக்கட்டை. எதிரில் இருப்பவரைக் கொஞ்சம் சிரிங்க என்று சொல்லவே கூச்சப்படுவார். அந்த மனிதர் வாய் ஓயாமல் பேசியது வெள்ளியைப் பற்றி மட்டும்தான். எங்கெங்கோ கழித்துப் போட்ட லென்ஸ்களைத் தேடிப் பிடித்து, தண்ணீர்க் குழாய் ஒன்றில் பொருத்தி, தானே ஒரு தொலைநோக்கி செய்து வைத்திருந்தார். அதன் பின்னால் ஸ்டுடியோ கேமராவைக் கட்டி ஒரே ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருடைய ஆசை. பொழுது சாய்ந்து வெள்ளி தலைகாட்டினால் போதும், "உங்க சின்னவீடு வந்தாச்சு, போய்ப் பாத்துட்டு வாங்க" என்பாள் அக்கா. அவள் மட்டும் ஒரு தடவைகூட அதற்குள் கண்ணை வைத்ததில்லை. நாள் பூரா லென்ஸில் பார்ப்பது போதாதா என்பாள்.

சாப்பிடும்போது அத்தான் கதை சொல்வார். நமக்குப் பக்கத்து வீடு மாதிரிதான், ஆனால் எப்போதும் மேகம் மூடியே கிடக்கும், தரையில் நின்றால் சூரியன் இருக்கிற இடமே தெரியாது, அடுப்புக்குள் இருக்கிற மாதிரி சூடு. நான் அதில் எரிமலைகளைக் கற்பனை செய்துகொள்வேன். ஒருநாள் அக்கா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தாள்.

"எப்பவும் மேகம்னா வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும். மூக்குக்குக் கீழ நிழல் இருக்காது, கண்ணுக்குக் கீழ கறுப்பு இருக்காது. அங்க எனக்கு வேலையே இல்ல."

அத்தான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். அது அப்போது தெரியவில்லை.

வெள்ளி பெரிதாகவும் மெல்லிசாகவும் தெரிகிற காலம் சில வாரங்கள்தான். அப்புறம் சூரியனோடு போய் மறைந்துவிடும். திரும்ப விடியற்காலையில் கிழக்கே வரும், ஆனால் எங்கள் மாடிக்குக் கிழக்கே ஒரு பெரிய கட்டடம் மறைத்துக்கொண்டு நின்றது. மறுபடி சாயங்காலத்தில் அதே மாதிரி பார்க்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். கிடைக்கிற அந்தச் சில வாரங்களிலும் பக்கத்து அச்சகத்தின் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். மாடி அதிரும். ஒவ்வொரு தடவையும் அத்தானுக்குக் கிடைத்தது பஞ்சு பஞ்சாய்க் கலைந்த ஒரு வெளிச்சம். மிஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்களேன் என்றால், அச்சகக்காரர் வேலையை எப்படிக் கெடுப்பது என்று நெளிவார்.

ஒருநாள் சாயங்காலம் தெரு முழுக்கக் கரண்ட் போனது. மிஷின் நின்றது. அத்தான் படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாவி மேலே போனார். கரண்ட் வந்ததும் நெகட்டிவைக் கழுவி வெளியே கொண்டுவந்து எனக்குக் காட்டினார். பட்டாணி அளவில், அழகான ஒரு பிறை. வெள்ளியும் நிலா மாதிரி தேய்ந்து வளரும் என்று எனக்கே அப்போதுதான் சொன்னார். உன் அக்காவிடம் மூச்சு விடாதே, பெரிதாகப் பிரிண்ட் போட்டு நானே காட்ட வேண்டும் என்றார். நெகட்டிவைக் காய்வதற்குக் கொடியில் மாட்டிவிட்டு, மறுநாள் காலையில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்க வெளியூர் கிளம்பிவிட்டார்.

கொடியில் காய்வதெல்லாம் டச்சிங்குக்கு. அது எங்கள் கடை வழக்கம். நான் கடை முன்னால் இருந்தபோது அக்கா எல்லாவற்றையும் எடுத்துப்போனாள்.

அத்தான் திரும்பி வந்ததும் குளிக்கக்கூட இல்லை, நேரே இருட்டறைக்குள் போனார். வெளியே வந்தபோது கையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பிரிண்ட். நடுவில் முழு வட்டமாக, பளபளவென்று, ஒரு குறை சொல்ல முடியாத உருண்டை.

அக்கா முகமெல்லாம் பூரிப்பு. "ஒரு பக்கம் அப்படியே இருட்டடிச்சுப் போயிருந்துச்சுங்க. இத்தனை நாள் பாடுபட்டு எடுத்துட்டு இப்படி ஆயிடுச்சேன்னு எனக்கே அழுகை வந்துடுச்சு. மத்தியானம் சாப்பிடாம உக்காந்து சரி பண்ணிட்டேன்."

அத்தான் படத்தைக் கொடியில் மாட்டினார். "நல்லா இருக்கு," என்றார். மாடிக்குப் போய்க் குழாயை இறக்கிக் கொண்டுவந்து, கிழிந்த பின்திரைத் துணி ஒன்றில் சுற்றிப் பரண்மேல் போட்டார்.

நான் அக்காவை இழுத்துப்போய் ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார வைத்தேன். மற்ற விளக்கையெல்லாம் அணைத்து, பக்கவாட்டு விளக்கை மட்டும் போட்டு, எதிரே கண்ணாடியைப் பிடித்தேன்.

"இப்ப உன் மூஞ்சி பாதிதான் தெரியுது. மீதி எங்கயாவது ஓடிப்போச்சா? சூரியன் ஒரு பக்கம், நாம ஒரு பக்கம். வெள்ளி அப்படித்தான் இருக்கும். அதைப் படம் பிடிக்கத்தான் அவர் இத்தனை வருஷம் மாடியில நின்னாரு."

அவளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவள் தொழில். பென்சில் பூச்சைத் துடைத்து எடுத்துவிடலாம். ஆனால் பூச்சோடு ஒட்டுவதற்காகப் பிறையின் இரண்டு முனைகளையும் பிளேடால் சுரண்டியிருந்தாள். சுரண்டியது திரும்பி வராது. அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அத்தான் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாடிப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். சாயங்காலங்களில் கடையிலேயே உட்கார்ந்து சுத்தமாக இருக்கும் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டு நேரத்தில் கதை கிடையாது. இன்னொரு தடவை எடுங்கள் என்று அக்கா எத்தனையோ முறை கெஞ்சினாள். இனிமேல் எனக்கு எதற்கு என்று சொல்லிவிடுவார். அந்தப் படம் கெட்டதைவிட, அவர் மேலே போகாததுதான் அவளை அரித்தது. சின்னவீடு என்று கேலி செய்ய ஆள் இல்லாமல் அவள் வாயும் அடைத்துப்போனது.

மறுபடி வெள்ளி மேற்கே மெலிய ஆரம்பித்தது. அத்தான் ஏதோ வேலையாக வெளியே போயிருந்த ஒரு சாயங்காலம், அக்கா கடைக் கதவைச் சாத்தினாள். பொழுது இருக்கும்போதே கடையை மூடி நான் பார்த்ததேயில்லை. பரணிலிருந்து குழாயை இறக்கச் சொன்னாள். பிறகு நேரே அச்சகத்துக்குள் நுழைந்து, முதலாளியிடம் அரை மணி நேரம் மிஷினை நிறுத்தச் சொன்னாள். அவர் ஆர்டர், அவசரம் என்று இழுத்தார்.

"உங்க பொண்ணு கல்யாண ஆல்பம் நான்தான் டச்சிங் பண்ணேன்," என்றாள் அக்கா. "நெகட்டிவ் இன்னும் என்கிட்டதான் இருக்கு. பென்சில் பூச்சைத் துடைக்க ஒரு நிமிஷம் போதும்."

மிஷின் நின்றது.

மாடியில் அவள் முதல் தடவையாக அந்தக் குழாய்க்குள் கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை. நான் என்னவென்று கேட்டதற்கு, எவ்வளவு சின்னதாக இருக்கு பாவம் என்றாள். அப்புறம் கேமராவைப் பின்னால் கட்டி, இருந்த பிலிமெல்லாம் தீர்கிறவரை படமெடுத்தாள். பல படங்களில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் பிறை விழுந்திருந்தது. கொஞ்சம் அசங்கி, தூசியோடு, ஆனால் முனைகள் இரண்டும் இருந்தன.

அத்தான் வந்தபோது பிரிண்ட் டச்சிங் மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா பக்கத்திலேயே நின்றாள். அவர் குனிந்து பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்கவில்லை. அவள் கையில் குழாயின் துரு ஒட்டியிருந்தது. "இந்தப் புள்ளி தூசி. கீறலும் இருக்கு. நீ எடுத்துடலாமே," என்றார்.

அக்கா பென்சில் டப்பாவை மூடினாள். "அங்க எனக்கு வேலை இல்லன்னு அன்னிக்கே சொன்னேன்ல."

அத்தான் படத்தைத் தூக்கி விளக்குப் பக்கம் சாய்த்தார். பிறகு அவளிடம், ஓரம் கலங்கியிருக்கே, போக்கஸ் எந்தப் பக்கம் திருப்பினாய் என்று கேட்டார். அன்று சாப்பிடும்போது அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை இரண்டு பேரும் கண்டுகொள்ளவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் கடைக் கதவை நேரத்தோடு சாத்தியது அத்தான்.