சலவை அறையில் பரோலோ

ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த மூன்று பெரிய சலவை இயந்திரங்களுக்கும் இருபத்தாறு வருஷம் அவள்தான் எஜமானி. மேசைவிரிப்பு காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்கமாட்டாள், முகத்தருகே கொண்டுபோவாள். அடுக்கின் நடுவில் ஒன்று ஈரமாக மடிக்கப்பட்டிருந்தால், வாசலில் நின்றபடியே எந்த வரிசை என்று சொல்லிவிடுவாள். போன வருஷம் கண்மூடும்வரை அந்த மூக்கு மழுங்கவில்லை. கணவர் வழியில் என்ன தின்றுவிட்டு வந்தார் என்பது, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். ரகசியம் என்ற ஒன்றையே மனிதர் கைவிட்டுவிட்டார்.

அதே ஓட்டலின் மேல்தளத்தில் அவள் கொழுந்தன் பரிமாறினான். தட்டு தூக்கியவனை ஒயின் பொறுப்பாளனாக உயர்த்தி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை, நாற்பது வருஷம் ஒயின் வியாபாரம் செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் அங்கே விருந்து வைத்தார். பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயின், பன்னிரண்டு பாட்டில். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே திறந்து, கெட்டிருக்கிறதா என்று மோந்து பார்ப்பது அவன் பொறுப்பு. அவனுக்கோ இரண்டு நாளாக ஜலதோஷம். கெட்டது ஒன்று பெரியவரின் மேசைக்குப் போனால் அவன் மறுபடி தட்டு தூக்கவேண்டியதுதான்.

மதியம், ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு வாய் ஊற்றி, கோப்பைகளின் அடியில் எண் எழுதி, கீழே கொண்டு வந்தான்.

"அண்ணி, நீங்கதான் காப்பாத்தணும்."

"எனக்கு அது பேருகூடத் தெரியாது தம்பி."

"பேரு எதுக்கு? கார்க் கெட்டிருந்தா நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வரும், அது வருதான்னு மட்டும் சொல்லுங்க."

அது அவளுக்கு அத்துப்படி. சோப்பு வாடை எட்டாத துணிக் கிடங்குக்குள் அவனைக் கூட்டிப்போனாள். பத்துக் கோப்பை தாண்டியது. பதினொன்றில் முகம் சுளித்தாள்.

மேலாளர் இறங்கி வந்து தானும் மோந்தார். ஒரே பெட்டியில் வந்த சரக்கில் ஒன்று மட்டும் எப்படிக் கெடும் என்றார். துணி துவைப்பவள் பேச்சைக் கேட்டு இவ்வளவு விலையுள்ளதைக் கொட்டுவதா என்று கொழுந்தன்மேல் பாய்ந்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. நான் சுவரைப் பார்த்து நிற்கிறேன், நீங்கள் கோப்பைகளை இடம் மாற்றி வையுங்கள் என்றாள். மேலாளர் மூன்று முறை மாற்றினார். மூன்று முறையும் அவள் எடுத்த கோப்பையின் அடியில் பதினொன்று என்றே இருந்தது. மாற்றுப் பாட்டிலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற போக்கில், மேலாளர் தன் சட்டைக் கழுத்தை ஒருமுறை மோந்துகொண்டார்.

நல்லது எப்படி இருக்கும் என்று ஒரு வாய் பார்க்கச் சொன்னான் கொழுந்தன். தயங்கித்தான் குடித்தாள்.

"நாக்குக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின மாதிரி இழுக்குது."

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். "புதுசா தார் போட்ட ரோடு. ஓரமா யாரோ காய்ஞ்ச ரோஜாவோட காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

"யாருக்காகவாம்?"

"இன்னொரு வாய் குடு, பாத்துச் சொல்றேன்."

மாலையில் பெரியவர், ஒயின் எப்படி இருக்கிறது என்று சோதிப்பதுபோலக் கேட்டார். மூக்கு செத்தவன் அண்ணி சொன்னதை, கஞ்சி உட்பட, அப்படியே ஒப்பித்தான். பெரியவர் குடித்தார்.

"இது நீ சொன்னதில்லையே?"

"எங்க அண்ணி, ஐயா. கீழ சலவையில."

விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு, அவர் ஒரு பாட்டிலும் இரண்டு கோப்பையுமாகப் படியிறங்கினார்.