மரக்கால்காரன் மேல் பூசிய மண்

வடக்கனந்தல் பக்கம் எங்கள் ஊர் ஐயனார் தோப்பில் பழைய மண்குதிரை ஒன்று நிற்கிறது. அதன் காலடியில் பாதி நிமிர்ந்து சாய்ந்து கிடப்பவனை வெளியூர்க்காரர்கள் அசுரன் என்பார்கள். அசுரனுக்குக் கையில் மரக்கால் எதற்கு? கூலி நெல் அளந்துபோட்ட பண்ணைக் கணக்கன் அவன். அளவு கம்மியாக விழுகிறதென்று அறுப்பாட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்ட வருஷம், அவர்கள் நேர்ந்துகொண்ட குதிரை அது. செய்தவர் என் பெரியம்மா ராணியம்மாளின் மாமனார், ஊர்க் குயவர். ஜாடை தெரியாமலிருக்க முகத்தை மட்டும் மொழுக்கென்று விட்டாராம். பண்ணை வீட்டில் கூப்பிட்டுக் கேட்டபோது, "அரக்கனுங்க" என்று சொல்லித் தப்பித்தாராம்.

எண்பத்தேழு செப்டம்பரில் அந்த மொழுக்கு முகத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. இடஒதுக்கீடு கேட்டு மறியல். மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். சுவரில் எழுதி மிஞ்சிய பெயிண்டில் மறியலுக்குப் போன எங்கள் ஊர்ப் பையன் தங்கதுரையும் கூட்டாளிகளும் அரக்கனுக்கு மீசை வரைந்து, தலையில் போலீஸ் தொப்பியும் இடுப்பில் பெல்ட்டும் போட்டுவிட்டார்கள். ஊரே போய்ப் பார்த்துச் சிரித்தது.

பெரியம்மா சிரிக்கவில்லை. பக்கத்து ஊரில் வீடு வீடாகப் புகுந்து ஆம்பிளைகளை வேனில் ஏற்றுகிறார்கள் என்று அன்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தார்.

"போட்டது நான் இல்லியே. எனுக்கு இன்னா பயம்?" என்றார் வீரமுத்து பெரியப்பா.

"பொம்மையப் பாக்கறவன் பெயிண்டு யாருதுன்னா கேப்பான்? கொயவன் வூடு எங்கன்னுதான் கேப்பான்."

சாமி பொருளை உடைக்க முடியாது, சுரண்டவும் பயம். பெரியம்மா செம்மண்ணைக் குழைத்து எடுத்துப் போய் அரக்கனின் தலைமுதல் இடுப்புவரை அப்பினார். சுட்ட மண்ணில் பச்சை மண் நிற்காது. காய்ந்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். குயவர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவருக்கு இது தெரியாதா? ஈரம் இருக்கும்வரைதான் மறைப்பு. குடத்துத் தண்ணீரைக் கையில் அள்ளித் தெளித்துக்கொண்டே இருந்தார்.

ரோட்டில் மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டு ஜீப் வந்தது. போலீஸ்காரர்கள் நிழலுக்காகத் தோப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, சாமியக் குளிப்பாட்டிக்கினு கீறே?"

"வேண்டுதலுங்க."

"எத்தினி குடம்?"

"மழ வர்ற வரிக்குங்க."

"அப்ப தீவாளிக்குத்தான் வூட்டுக்குப் போவே."

அவர்கள் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"இந்த ஊர்ல கொயவன் வூடு எங்க?"

இந்தக் கேள்வியைப் போனில் சொல்லும்போது பெரியம்மா இன்றைக்கும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். ஏழு கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் நானும் எழுந்து போய் என் அறைக் கதவைச் சாத்துகிறேன்.

"எதுக்குங்க?"

"ஜீப்புல தண்ணி வெச்சிக்கப் பான வேணும். தாகம் தாங்கல."

வீட்டைக் காட்டினால் பெரியப்பா தனியாக இருக்கிறார். பானையோடு ஆளையும் ஏற்றிக்கொண்டால்? தானே போய் எடுத்து வந்தால், வருவதற்குள் மண் காய்ந்துவிடும். ஏற்கெனவே தொப்பிப் பக்கம் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

"இத்தையே எடுத்துக்குங்க. புதுக் கொடந்தான்."

"உன் வேண்டுதலு?"

"சாமி கோச்சிக்காதுங்க."

குடம் போய்விட்டது. தெளிக்கத் தண்ணீரில்லை. பெரியம்மா சாமிக்கு முதுகைக் காட்டி, அரக்கன்மேல் சாய்ந்தபடி உட்கார்ந்துகொண்டார். மண் உதிர்ந்து முதுகுக்குள் இறங்குவது தெரிந்தது. எழுந்திரு என்று ஒருவன் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. ஜீப் கிளம்பிப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா தேடிக்கொண்டு வந்தார். "ஒல வெக்காம இங்க இன்னா பண்ணிக்கினு கீறே?"

பெரியம்மா தலையை மட்டும் சற்றே விலக்கினார். பின்னால் மீசையும் தொப்பியும் பளிச்சென்று இருந்தன. பெரியப்பா பார்த்தார். அதற்குள் ரோட்டில் இன்னொரு வண்டியின் சத்தம் கேட்டது.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெல்ட் தெரிந்த பக்கத்தை மறைத்து, பெரியம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.