சருகு ஊதும் மிஷின்

தொண்ணூறுகளின் நடுவில் சோமனூர்ப் பக்கம், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் மில் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாவது பாஸ். அதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம்.

அந்த மாசியில் முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து பெட்ரோலில் ஓடும் ஒரு மிஷின் கொண்டுவந்தார். முதுகில் மாட்டிக்கொண்டு குழாயை நீட்டினால், காற்றைப் பீய்ச்சிச் சருகைத் தள்ளிக்கொண்டு போகும். மில்லைச் சுற்றி வேப்பமரங்கள். பருத்தி காயும் களத்தில் சருகு கலந்தால் பஞ்சின் தரம் போய்விடும். அதைப் பொறுக்கவே பத்துப் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

மிஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். சொல்லி முடித்ததும், "நானே ஓட்டறனுங்க" என்றேன். அந்த மில்லில் பெண்களுக்கு விளக்குமாறும் கூடையும்தான்; மிஷின் எதுவும் எங்கள் கைக்கு வந்ததில்லை. சூப்பர்வைசர் சிரித்தார்.

"ஓட்டு அம்மணி. ஏதாச்சும் கோளாறு பண்ணினா அன்னைக்கே மிஷின் ரிப்பேர் பாக்கற பிட்டர் கைக்குப் போயிரும்."

மொபெட்டுக்குக் கலப்பதுபோல் பெட்ரோலில் ஆயில் கலந்தேன். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினேன். சடையைக் கொண்டையாக்கி, முந்தானையைச் செருகி, மேலே காக்கிச் சட்டை போட்டு, கண்ணாடியும் காதுமூடியும் மாட்டினேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, ஏரோப்ளேன் எத்தனை மணிக்குங்க கெளம்புது?" என்று களத்திலிருந்து ஓர் அக்கா கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

கயிற்றை இழுத்தேன். சருகு எனக்கு முன்னால் ஓடியது. முழு வேகம் கொடுத்தேன். பின்கழுத்தில் ஏதோ பட்டுத் திரும்பினால், அதே அக்கா இன்னொரு பருத்தி உருண்டையை ஓங்கிக்கொண்டு நின்றாள். அவர்கள் கத்தியது எதுவும் எனக்குக் கேட்டிருக்கவில்லை. களம் முழுக்கப் புழுதி. காலையிலிருந்து பொறுக்கிய பருத்தியின் மேல் சருகுத் தூள்.

"ஊட்டு வாசல்ல தண்ணி தெளிக்காமயா கூட்டுவே கண்ணு? பன்னெண்டாவது படிச்சுப்போட்டு இதுகூடத் தெரீல பாரு!"

தினமும் வீட்டில் தெளித்துவிட்டுத்தான் கூட்டுகிறேன். மிஷின் கைக்கு வந்ததும், தண்ணீர் தெளிப்பது விளக்குமாறு பிடிப்பவர்களின் வேலை என்று நினைத்துவிட்டேன். புத்தகத்தை மறுபடி பிரித்தேன். இன்ஜின் படம் இல்லையென்று நான் தள்ளிய பக்கத்தில் எல்லாம் இருந்தது: புழுதியை நனை, காற்றின் திசையைப் பார், பக்கத்தில் ஆள் இருந்தால் நிறுத்து.

"நாளைக்குப் பிட்டர் ஓட்டட்டும்" என்றார் சூப்பர்வைசர்.

"நாளைக்கு ஒருநாள் பாருங்கண்ணா. அப்புறம் குடுத்தர்றேன்."

அவர் ஒற்றை விரலைக் காட்டிவிட்டுப் போனார். நான் களத்தில் உட்கார்ந்து அந்தப் பெண்களோடு சருகு பொறுக்கினேன். எப்போது ஓட்டினால் தொந்தரவு இருக்காது என்று கேட்டேன்.

"பத்து மணிக்கு டீக்கு எந்திரிச்சுப் போவோம். பருத்தி மேல தார்ப்பாயைப் போட்டுப்போட்டு அப்ப ஓட்டு" என்றாள் அந்த அக்கா. "அந்தச் சத்தத்தையுங் கொஞ்சம் கொறை. காது கிழியுது."

மறுநாள் பத்து மணிக்குப் பருத்தியைத் தார்ப்பாயால் மூடினேன். சுற்றிலும் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தேன். ஒரு துளி பஞ்சைப் பிய்த்துக் காற்றில் விட்டேன். களத்தை விட்டு வெளிப்பக்கம் பறந்தது. பாதி வேகத்தில், குழாயைத் தரையோடு பிடித்து ஓட்டினேன். லோடுமேன் ஒருவர் குறுக்கே வந்தபோது நிறுத்தி, அவர் கடந்த பின் தொடர்ந்தேன். சூப்பர்வைசர் கைகட்டி நின்று பார்த்தார்.

பெண்கள் திரும்பி வந்து தார்ப்பாயை எடுத்தார்கள். சூப்பர்வைசர் குனிந்து பருத்தியைக் கிளறினார்.

"சருகு இருக்குதா?"

"இருக்குதுங்க" என்றாள் அக்கா. நான் எட்டிப் பார்த்தேன். "அது நேத்து உளுந்ததுங்க. இன்னைக்கு ஒண்ணுமில்லீங்க."

அவர் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நாளைக்கு எத்தனை மணிக்கு ஓட்டப் போறே?"

நான் வாய் திறப்பதற்குள் களத்திலிருந்து பத்துக் குரல்கள் வந்தன. "பத்து மணிக்குங்க!"